முடி இறக்கும்வரை

மோவாயைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கி, தொங்கும் வலது இமைக்கும் கன்னத்துக்கும் நடுவில் கிடைத்த கீற்று வழியாக என்னைத் தேடுகிறாள் முகிலா, ஆறு மாதம், என் மடியில், பால் குடிப்பதை விட்டுவிட்டு, எனக்கு அது கொஞ்சலாகத்தான் இருந்தது, அரைத்தூக்கக்காரி என்று நானே பேர் வைத்துச் சிரித்தேன், சிரித்த வாயை இப்போது என்ன செய்வது, பொறந்ததிலேர்ந்தே இமையத் தூக்குற தசைக்கு வலுவில்லம்மா என்கிறார் டாக்டர், டார்ச்சை அணைத்தபடி, இமை கண்மணிய மறைக்குது, பாக்காத கண்ணு பாக்கப் பழகாது, ஒரு வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிருவோம், தள்ளிப்போடாதீங்க, நான் தலையாட்டுகிறேன், வீட்டில் மாமனாரிடமும் அதே தலையைத்தான் ஆட்டினேன், மொத முடி சாஸ்தாவுக்கு, அத எறக்காம பிள்ள மேல கத்தி படக்கூடாது தாயி, பங்குனி உத்திரம் வரட்டும் என்றார் அவர், உத்திரம் வந்தது, பங்காளி வீட்டில் துட்டி, சாவுத் தீட்டு, அந்த வருஷம் கோயிலுக்குப் போகக் கூடாது, அடுத்த உத்திரத்துக்கு முன்னால் இன்னொரு துட்டி, என் வீட்டுக்காரர் அப்பா பேச்சைத் தாண்ட மாட்டார், நானும் தாண்டவில்லை, மீறி ஏதாவது ஆனால் என் தலையில்தானே விடியும், என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டு வயதில் அவள் மோவாய் தூக்குவதை விட்டாள், பாத்தியா தானா சரியாவுது என்று மாமா பாயசம் வைக்கச் சொன்னார், வைத்தேன், குடித்தேன், அந்தக் கண்ணால் பார்ப்பதையே பிள்ளை கைவிட்டுவிட்டாள் என்று டாக்டர் சொன்னபோது மூன்றாவது உத்திரம் முடிந்து அவள் மொட்டைத் தலையோடு நின்றாள், ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, கட்டுப் பிரித்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோல், எம் பேத்தி கண்ணு எம்புட்டு அழகு என்று மாமா தெருவெல்லாம் காட்டினார், டாக்டர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, நல்ல கண்ண தினம் ரெண்டு மணி நேரம் பட்டை ஒட்டி மூடுங்க, இந்தக் கண்ணு வேலை செய்யுதான்னு பாப்போம், நாளாயிருச்சும்மா, பெருசா எதிர்பாக்காதீங்க.

எட்டு மாதமாக ஒட்டுகிறேன், இன்றும் இடது கண்ணை ஒட்டிவிட்டு உள்ளே போய்ச் சோற்றுத் தட்டோடு வருகிறேன், நல்ல மத்தியான வெயில், சத்தம் காட்டாமல் கையெட்டும் தூரத்தில் உட்காருகிறேன், அவள் நிமிர்கிறாள், மோவாய் தூக்கவில்லை, நெற்றி சுருங்கவில்லை, விரியத் திறந்த வலது கண் நேராக என் முகத்தின் மேல், அங்க யாரு, எங்கம்மாவக் கொஞ்சம் கூப்பிடுதீங்களா என்கிறாள்.