ஏரிக்கரை வீட்டுக் கூரை

பேத்தமங்களா ஏரிக்கரைக்குக் குடிபோக வேண்டும் என்று பார்வதம்மா ஒற்றைக் காலில் நின்றாள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவளுக்கு அது சிரிப்பில்லை. கல்யாணமாகி, சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பாலகாட் லைன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றவள் அவள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பேத்தமங்களா என்பார்கள். வராமல் போனாலும் பேத்தமங்களாவைத்தான் திட்டுவார்கள். தண்ணீருக்காக இத்தனை காலம் காத்திருந்தது போதும், இனி அது இருக்கிற இடத்துக்கே போய்விடலாம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மகன் கிரண் பெங்களூரிலிருந்து போனில் அம்மாவுக்கு ஒத்து ஊதினான். அவள் புருஷன் முனியப்பன்தான் பிடிகொடுக்கவில்லை. தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை செய்த மனுஷன். பென்ஷன் பேங்க் தூரம், ஆஸ்பத்திரி தூரம், பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். போய்ப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று பார்வதம்மா வாயை அடைத்தாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஏரிக்குக் கூட்டம் வரும், எந்த ஊரும் அழகாகத்தான் தெரியும் என்று புதன்கிழமையாகப் பார்த்துப் பஸ் ஏற்றினாள்.

வீடு ராமசாமியுடையது. ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகனுக்கென்று கட்டினார், மகன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டான். பூட்டிவைக்க மனசில்லாமல் வாடகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தவர், தானே வந்து வீட்டைத் திறந்து காட்டினார்.

பார்வதம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கொட்டிய தண்ணீரில் கையை நீட்டியவள், ராமசாமி தொண்டையைக் கனைக்கும்வரை மூடவில்லை. அதற்காக ஒரேயடியாக மயங்கிவிடவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ராகி புடைத்துக்கொண்டிருந்த கன்னடக்காரம்மாவிடம் போய், தனக்குத் தெரிந்த கன்னடத்தில் எல்லாவற்றையும் தோண்டித் துருவினாள். பாம்பு உண்டா? எப்போதாவது வரும். கொசு? பொழுது சாய்ந்தால் பிடுங்கித் தின்னும். அவசரமென்றால் ஆட்டோ? மூலைவீட்டுப் பையன் கூப்பிட்ட குரலுக்கு வருவான். கடைசியில் அந்தம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சீக்கிரம் வந்துவிடுங்கள், எனக்கும் பேச ஆள் வேண்டும் என்றாள். கொசுவுக்கு வலை இருக்கிறது, பேச்சுத் துணையும் ஆயிற்று என்று பார்வதம்மா மனசுக்குள் பால் காய்ச்சியே விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது முனியப்பன் ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்து, கூடத்துக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இது அவருடைய பழைய வழக்கம். சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்கும்போது, தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் உட்காருவார்கள். கணீரென்றால் உறுதி. பொத்தென்றால் பாறை உள்ளுக்குள் பிளந்து விட்டுப்போயிருக்கிறது, எந்த நிமிஷமும் விழலாம், ஓடிவிட வேண்டும். வேலை போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. கல்யாண மண்டபத்தில்கூடத் தட்டிப் பார்த்து மானத்தை வாங்கியிருக்கிறார்.

கூடம் பொத்தென்றது. படுக்கையறையும் பொத்தென்றது. முனியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. கம்பைப் போட்டுவிட்டு, பார்வதம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்து வந்துவிட்டார்.

"இந்த ஊடு வேணாம் பார்வதி. முழுக்க விட்டுப்போய்க் கீது."

பின்னாலேயே ஓடிவந்த ராமசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணா, அது ஃபால்ஸ் சீலிங்கு. அழகுக்கு அடிச்ச பலகை. அதுக்கு மேலதான் காங்கிரீட் கூரை, நடுவுல காலியாத்தான் இருக்கும்."

முனியப்பன் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்.

பார்வதம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே காரியத்தைக் கெடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கையைப் பார்த்தாள். வளையல் அழுந்தி மணிக்கட்டு சிவந்திருந்தது. நாலு பேர் எதிரில் அவள் பக்கத்தில்கூட நிற்காத மனுஷன் அவர். அவ்வளவு பயந்திருக்கிறார், அதுவும் தனக்காக இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. அவளும் கரைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பலகைன்னு புரியுது," என்றார் முனியப்பன். "காதுதான் நம்ப மாட்டேங்குது. ஆனா நீ ஆசப்பட்டுட்ட. வந்துடலாம். நீ உள்ள தூங்கு, நான் முழிச்சிக்கினு பாத்துக்கறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்."

பார்வதம்மா ஏரியைப் பார்த்தாள். இக்கரையிலிருந்து அக்கரைவரை தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேண்டும் வேண்டும் என்றுதான் இருந்தது.

"நீங்க நைட் ஷிப்ட் போன ராத்திரி ஒண்ணுலயும் நான் தூங்கினதில்ல," என்றாள். "கீழ பாறை வெடிச்சி பூமி அதிர்ந்து பாத்திரம் உருண்டா, சுரங்கத்து ஷாஃப்ட்டு வாயிக்கு ஓடுவேன். நீங்க மேல வந்துட்டத தூரத்துல பாத்துட்டு, உங்களுக்கு முன்னாடி ஊட்டுக்கு வந்து படுத்துக்குவேன். நீங்க வரச்சொல்ல தூங்கறாப்பல இருப்பேன். அந்த ராத்திரி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத உங்களுக்குக் குடுத்துட்டு எனக்கு ஏரி வேணாங்க. வாங்க, போலாம்."

முனியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம், நம் பெண்டாட்டிக்குக் கவலையில்லாத தூக்கம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டவர் அவர். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவார்.

அவர் எழுந்தார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார் என்று அவளும் எழுந்தாள். ஆனால் அவர் ராமசாமியின் முன்னால் போய் நின்றார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர், வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, படுக்கற ரூமுல மட்டும் அந்தப் பலகைய எடுத்துட முடியுமா? நாங்க இங்கயே வந்துடறோம்."

லைட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது, இவ்வளவு அழகான வேலையை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று ராமசாமி இழுத்தார்.

"அவ தூங்கணும் தம்பி," என்றார் முனியப்பன். "ரொம்ப வருஷமா தூங்கல."