ஐம்பதில் ஐந்து பேர்

அம்மாவும் மகளும் ஒரே வகுப்பில் புள்ளியியல் படித்தார்கள். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மேற்பார்வையாளராக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்றார்கள், சேர்ந்துவிட்டாள். மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "வகுப்புல நீ யாரோ, நான் யாரோ." அந்த ஒப்பந்தம் மதியம் சாப்பாட்டு டப்பா திறக்கும் வரைதான் நின்றது.

பேராசிரியர் கறாரானவர். யார் எவ்வளவு மார்க் எடுத்தாலும் வகுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் ஏ கிரேடு. கணக்கில் பின்னம் வந்தால் வெட்டிவிடுவார். வகுப்பில் ஐம்பது பேர். ஆக, ஐந்து ஏ.

இறுதித் தேர்வுக்கு முன் ஒட்டிய பட்டியலில் அம்மா ஐந்தாவது, மகள் ஆறாவது. ஏ கிடைத்தால்தான் மகளுக்கு அடுத்த வருடம் ஆய்வுக்கூடத்தில் இடம்.

அன்றிரவு மகள் பாத்திரம் கழுவும்போது சத்தம் கொஞ்சம் அதிகம்.

அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தானே குறுக்கே நிற்பதா? பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும்? மறுநாள் காலை பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய், புள்ளியியலிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள்.

"நல்லாத்தானே படிக்கிறீங்க?" என்றார் எழுத்தர்.

"உடம்பு சரியில்லைங்க." நம்பவைக்க இரண்டு முறை இருமியும் காட்டினாள்.

மதியம் கேன்டீனில் மகளைப் பிடித்தாள். "நான் விலகிட்டேன்டி. இனிமே நீதான் அஞ்சாவது."

கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தாள். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா! அம்பதுல ஒண்ணு போனா எவ்வளவு?"

"நாப்பத்தொம்பது."

"அதுல பத்து சதவீதம்?"

அம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "நாலு புள்ளி... ஒம்பது."

"புள்ளிக்கு அப்புறம் இருக்கறத வெட்டிடுவாரு. இப்ப நாலு பேருக்குத்தான் ஏ. போனதுதான் போன, ஒரு ஏ-வையும் கையோட தூக்கிட்டுப் போயிருக்க!"

"எனக்கு இது தோணவே இல்லியே."

"இந்த லட்சணத்துல நீ எனக்கு மேல வேற. டப்பாவ மூடு, கிளம்பு."

எழுத்தர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குள்ள உடம்பு தேறிடுச்சா?"

"நல்ல வைத்தியம் பண்ணிட்டோம் சார்," என்றாள் மகள்.

பெயரை மறுபடி சேர்த்தார்கள். வெளியே வந்ததும் அம்மா மெல்லக் கேட்டாள்: "அப்ப பரீட்சையில ஒரு கேள்விய விட்டுடட்டுமா?"

"விட்டேன்னா வீட்டுக்கு வராத. ஒழுங்கா எழுது. நான் உன்னத் தாண்டிக் காட்டறேன்."

"தாண்டுவியா நீ?" அம்மாவுக்குச் சுருக்கென்றது. "பாக்கலாம்டி."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையின் இரு கோடியில் இருவரும் படித்தார்கள். சந்தேகம் கேட்டால் சொல்லிக் கொடுத்தார்கள். போட்ட கணக்கை மட்டும் கையால் மறைத்துக்கொண்டார்கள்.

முடிவு வந்தது. மகள் ஐந்தாவது. அம்மா ஆறாவது, அரை மார்க்கில் போயிற்று. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பரிசோதனை நிலையத்துக்குப் போன் போட்டு, "என் பொண்ணு ஏ" என்று ஆளாளுக்குச் சொன்னாள்.

பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திருத்தித் தந்த தன் விடைத்தாளைப் புரட்டினாள்.

"ஏன்டி, ஏழாவது கேள்விக்கு ஒரு மார்க் குறைச்சுப் போட்டிருக்காரே. மறுமதிப்பீட்டுக்குக் குடுத்தா என்ன?"

மகள் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அம்மா விரட்டிக்கொண்டு போனாள்.