எண்பத்தாறாம் ஆண்டுத் தொகுதி

அன்று காலை லைப்ரரியில் இருந்தவர்கள்: சீனியர் வக்கீல் வெங்கடராமன், அவருடைய ஜூனியர் ஓஸ்வால்ட், தாரணி, நான்.

1995 மார்ச். வெங்கடராமனின் இன்ஃபன்ட்ரி ரோடு ஆபீசில் லைப்ரரியன் வேலை காலி. நான்கு வருடமாக அங்கே ராத்திரி ஷிப்டில் டைப் அடித்தவன் நான். சட்டப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேலை எனக்குத்தான் என்றிருந்தேன்.

தாரணி அல்சூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினொரு வருடம் வயலின் வாசித்தவள். கீபோர்டு வந்ததும் நாலு வயலினையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தபாலில் நூலக அறிவியல் படித்துவிட்டு அதே வேலைக்கு வந்திருந்தாள். தாடைக்குக் கீழே வயலின் அழுத்திய கறுப்புத் தழும்பு. அதன்மேல்கூட எனக்குப் பொறாமை. எதையும் பதினொரு வருடம் செய்த அடையாளம் என் உடம்பில் இல்லை.

வெங்கடராமன் இருவருக்கும் ஒரே கேள்வி கொடுத்தார். குடியிருப்பவர் உள்வாடகைக்கு விட்டதை வீட்டுக்காரர் பார்த்தும் சும்மா இருந்தால், பிறகு காலி செய்யச் சொல்ல முடியுமா? முடியாது என்கிற 1980ஆம் வருடத் தீர்ப்பை ஏழே நிமிடத்தில் அவர் மேசையில் வைத்தேன்.

தாரணி தீர்ப்புகளின் அட்டவணைப் புத்தகத்தைக் கடைசியிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முடியலையாம்மா?" என்றார் சீனியர்.

"சொல்ப நேரம் இருங்க சார். நோட்ஸ் குடுத்தா, பாட்டு எங்க திரும்புதுன்னு பாத்துட்டுத்தான் வயலின்ல வில்ல வைப்பேன். பழக்கம்."

வெங்கடராமன் ரசித்துச் சிரித்தார். நான்கு வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அவள் துண்டுச்சீட்டில் '1986' என்று எழுதியதைப் பார்த்தேன். முந்திப் போய் அந்த வருடத் தீர்ப்புத் தொகுதியை உருவி, நாற்காலியில் போட்டு, மேலே உட்கார்ந்தேன். எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாது. அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அண்ணா, எண்பத்தாறு எங்க?"

"பைண்டிங் போயிருக்கு."

அவள் நேராக சீனியரிடம் போனாள். "அண்ணா குடுத்த தீர்ப்பு செல்லாதுன்னு எண்பத்தாறுல இன்னும் அதிக ஜட்ஜுங்க இருக்கற பெரிய பெஞ்ச் சொல்லியிருக்கு சார். அட்டவணைல ஒரு வரி இருக்கு. புக்குதான் பைண்டிங்ல இருக்காம்."

"பைண்டிங்கா? நான் எதுவும் அனுப்பலையே."

ஓஸ்வால்ட் என்னை உற்றுப் பார்த்தான். "என்ன மச்சா, இன்னைக்கு உயரமாத் தெரியற? எழுந்திரு பாக்கலாம்."

எழுந்தேன்.

வெங்கடராமன் திட்டவில்லை. தொகுதியைத் திறந்து படித்தார். "நாளைக்குக் கோர்ட்ல அந்த எண்பதை நீட்டியிருந்தா என் மானம் போயிருக்கும்," என்றார், என்னைப் பார்க்காமல். லைப்ரரி சாவியைத் தாரணியின் கையில் கொடுத்துவிட்டு ஓஸ்வால்டோடு கிளம்பினார்.

நான் பையை எடுத்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா," என்றாள் தாரணி. "மிச்ச புக்கெல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாக்கணும்."

நான் வராந்தாவில் கால் வைத்ததும் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.