கடைசி வரியை மட்டும் எடுத்துடு

எங்கள் விடுதி அறையில் கவிதை எழுதுகிறவன் ஒருத்தன்தான். என்னையும் சேர்த்து மற்ற இருவரும் ஒழுக்கமான பிள்ளைகள். கல்லூரியின் முதல் வகுப்பிலேயே வாயைப் பிளந்ததால் கவிஞனுக்குக் கொட்டாவி என்று பெயர் நிலைத்துவிட்டது. எழுதியதை என்னிடம்தான் கொடுப்பான். நான் அதை மழை நிலவரம் சொல்கிற குரலில் வாசிப்பேன். நிலவு, கண்ணீர், வானவில் எதுவும் அந்தக் குரலைத் தாங்கியதில்லை. இதற்குக் கருத்துச் சொல்வது என்று பெயர். கல்லூரிப் பத்திரிகையில் நையாண்டி எழுதுகிறவன் என்பதால் இந்த அதிகாரத்தை நானே எனக்கு வழங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஒரு தாளை நீட்டினான். இதுவும் தேறாவிட்டால் இனி எழுதப்போவதில்லை என்றான். முடி வெட்டிக்கொள்ளப் போகிறவன் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் உட்காரவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பஸ் ஓட்டும் அப்பா
தூக்கத்திலும்
வலது காலை அழுத்துகிறார்.
கனவில் யாரோ
குறுக்கே ஓடுகிறார்கள்.
கட்டில் கிறீச்சிடுகிறது.
இன்றும் அவர்கள்
பிழைத்துக்கொண்டார்கள்.

மழை நிலவரம் பாதியிலேயே என்னைக் கைவிட்டுவிட்டது. கட்டில் கிறீச்சிட்ட இடத்தில் என் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மூன்றாமவன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "திரும்பப் படி" என்றான். கவிதை என்றால் குளிக்கப் போய்விடுகிறவன் அவன்.

திரும்பப் படித்தேன். என் சொந்தக் குரலில். அது இவ்வளவு மெல்லியது என்று எனக்கே தெரியாது. இந்தத் தடிப்பயலுக்குள் இது எங்கே இருந்தது? இத்தனை நாள் பக்கத்துக் கட்டிலில்தானே குறட்டை விட்டான்?

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. 'தந்தையே, நீ தியாகத்தின் சிகரம்!'

தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை உருவுகிறவன் மாதிரி சொன்னேன்.

"டேய், கடைசி வரியை மட்டும் எடுத்துடு."

முகம் தொங்கிப்போனது. அந்த வரிக்குத்தான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டானாம். மற்றதெல்லாம் லீவில் அப்பா பக்கத்தில் படுத்திருந்தபோது சும்மா பார்த்தது.

"அதையும் எடுத்துட்டா, நான் எழுதினதுன்னு இதுல என்னடா இருக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நக்கல் வரும். வரவில்லை.

"அந்த வரியில யார் அப்பா வேணும்னாலும் இருக்கலாம்டா. மேல இருக்கறது உங்க அப்பா மட்டும்தான். சத்தம் போட்டா முழிச்சுக்குவாரோன்னு எனக்கே பயமா இருக்கு."

தாளை வாங்கி, உதடு அசையத் தானே படித்தான். 'பிழைத்துக்கொண்டார்கள்' வரை வந்து நின்றான். அடுத்ததற்கு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான்.

பேனாவை மூடினான். பிறகு, "அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லடா" என்றான்.

வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போக வேண்டும் என்று கட்டிலுக்கடியில் பையைத் தேட ஆரம்பித்தான்.