படத்தில் இல்லாத ஆள்

பல்லேகல மைதானத்தில் அன்று மாலை கூடிய சனத்தில் முக்கால்வாசி அம்ஜத்துக்காக வந்தது. ‘பதினெட்டு வளைவு’ ரொக் பேண்டின் பாடகர் அவர். தலைமுடியை ஒரு ஆட்டு ஆட்டினால் கண்டியே ஆடும். மீதிப் பேர் டிரம்ஸ் அடிப்பவருக்காக வந்தார்கள். ரிஷிகேசனுக்காக வந்தது இல்மா ஒருத்திதான்.

“அது ஆரு?” என்றாள் கூட வந்த சாச்சி மகள் அஸீமா.

பேஸ் கிட்டார் வாசிப்பவர். மேடையின் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல நிற்பார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைக்குப் படிக்க வந்து, பேண்டோடு கண்டியிலேயே தங்கிவிட்டவர். இப்போது வவுனியாவில் அரசாங்க வேலை கிடைத்துவிட்டது, இதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி என்று பேண்டின் பேஸ்புக் பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்கள். அதன்கீழ் பாதிப் பேர், “இவர் யார்?” என்று கேட்டிருந்தார்கள். இல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் வாப்பா கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அலவத்துகொடயிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அவளுடைய இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. உயிரோடிருந்த பக்கத்தில் அம்ஜத்தின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். ரிஷிகேசனின் பேஸ்தான் காது நிறைய வரும். அவசரப்படாமல், பதறாமல், தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் அந்த நாட்களைக் கடந்தாள். வாப்பா இப்போது சுகமாக வீட்டிலிருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லவில்லையே என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு விட்டால் இனி அவரை எங்கே பிடிப்பது?

கச்சேரி முடிந்ததும் பேண்டோடு படம் எடுக்க வரிசை நின்றது. வருகிறவர்களின் போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பது ரிஷிகேசன். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை. யாராவது எடுக்கவேண்டுமே என்று எப்போதோ ஒருநாள் கை நீட்டினார். அதுவே அவர் வேலையாகிப் போனது.

இல்மா சொல்லவேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே நகர்ந்தாள். அவள் முறை வந்தது.

“போனைத் தாங்கோ, தங்கச்சி.”

கொடுத்துவிட்டாள்! கொடுத்ததும் இல்லாமல், அம்ஜத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பல்லையும் காட்டிவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அஸீமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அவரப் பாக்க வந்து, அவர்ட கையாலேயே அம்ஜத்தோட படம் எடுத்துட்டு வந்தீக்கியே!”

“சிரிக்காத. நான் திரும்பப் போறன்.”

“லைனப் பாத்தியா? பஸ் போயிரும்.”

“த்ரீவீல்ல போவம்.”

இரண்டாவது தடவையும் ரிஷிகேசனின் கை தானாக நீண்டது. இல்மா போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு இல்ல, அண்ணா.” அம்ஜத்தின் பக்கம் திரும்பினாள். “அம்ஜத் நானா, நீங்க எடுங்க. எனக்கு இவரோடதான் படம் வேணும்.”

அம்ஜத் ஒரு கணம் முழித்தார். பிறகு மைக் இல்லாமலே மைதானம் அதிரச் சிரித்தார். “டேய் ரிஷி, போய் நில்லுடா!”

ரிஷிகேசனுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற இல்மாவுக்கோ மனப்பாடம் செய்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“வாப்பாக்குச் சுகமில்லாத நேரம் நான் உங்கட வாசிப்பத்தான் கேட்டுட்டு இருந்தன். அது இல்லாட்டி நான் ஒடஞ்சி போயிருப்பன்.”

அம்ஜத் எடுத்த முதல் படத்தில் இருவருக்கும் தலை இல்லை. இரண்டாவதில் அவருடைய விரல்தான் இருந்தது. மூன்றாவது ஒருமாதிரித் தேறியது.

“தங்கச்சி,” என்றார் ரிஷிகேசன் மெதுவாக. “அதை எனக்கும் அனுப்பிவிடுங்கோ. நாளைக்கு வீட்டை போறன். நான் பேண்டில இருந்தன் எண்டா அம்மா நம்புறாவே இல்லை. ஒரு படத்திலயும் நீ இல்லையேடா எண்டு கேக்கிறா.”

அம்ஜத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது. போனை இல்மாவிடமே நீட்டிவிட்டு, பேண்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு, ரிஷிகேசனைத் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். பிறகு தான் போய் ஓரத்தில் நின்றார்.

இல்மா எடுத்தாள். அம்ஜத்தின் பாதித் தோள் படத்துக்கு வெளியே போயிருந்தது. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

“வேணாம்,” என்றார் அம்ஜத். “அவன் படத்துல நல்லா விழுந்தீக்கிறான்.”