அங்கே மட்டும் அமுக்காதே

சிங்மிங் நாளன்று ஹாங்சோவிலிருந்து மலைப்பக்கம் கார் ஓட்டுகிறவன் போன பிறவியில் யார் வயிற்றெரிச்சலையோ கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஊரே ஒரே காலையில் அவரவர் முன்னோரின் கல்லறையைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறது. முன்னால் கார், பின்னால் கார். அரை மணி நேரமாக ஒரே விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கியரில் இருந்து கையை எடுப்பேன், வைப்பேன், எடுப்பேன்.

பின் சீட்டில் அம்மாவும் என் மனைவி ரூயினும். என் தவிப்புக்குக் காரணம் போக்குவரத்து நெரிசல் மட்டும் இல்லை. ரூயின் வயிற்றில் மறுபடியும் ஒன்று தங்கியிருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொன்னால் உள்ளே இருக்கிற குழந்தை கோபித்துக்கொள்ளும் என்பார்கள் எங்கள் பக்கம். முதல் தடவை அம்மாவால் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அது கலைந்தபோது வாழ்த்திய அதே பெண்கள் முட்டையும் நாட்டுச்சர்க்கரையும் கொண்டுவந்து துக்கம் விசாரித்தார்கள். அடுத்ததும் நிற்கவில்லை. மறுபடியும் முட்டை, மறுபடியும் சர்க்கரை.

"இன்னொரு தடவை ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து 'இல்ல'ன்னு சொல்ல என்னால முடியாது, ஆகுன்," என்று ரூயின் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கர்ப்பிணிகள் கல்லறைக்குப் போவதில்லை. போகாமல் இருந்தாலோ, அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள். அதனால்தான் ரூயினும் கிளம்பி வந்தாள். மலையடிவாரத்தில் அவளை எப்படி நிறுத்திவைப்பது என்று ஆயிரம் பொய் யோசித்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல அத்தை. தலை வலிக்குது."

"மாத்திரை போட்டியா?"

"கொண்டு வர மறந்துட்டேன்."

அம்மாவிடம் தலைவலி என்று சொல்வது பூனையிடம் மீன் இருக்கிறது என்று சொல்வதுதான். விக்கல், பல்வலி, தூக்கமின்மை எதுவானாலும் அவளுக்கு அது விரலால் அமுக்கித் தீர்க்கிற விஷயம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் கொட்டாவி விட்டால்கூட அவன் கையைப் பிடித்துவிடுவாள்.

"மாத்திரை எதுக்கு? கையைக் குடு."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதைமேடு. ஹேகு என்போம். தலைவலி, பல்வலி என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட அங்கேதான் அமுக்கும். கர்ப்பிணிக்கு மட்டும் அங்கே அமுக்கக் கூடாது, கரு இறங்கிவிடும் என்பதும் அதே சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

ரூயின் அவசரமாக ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு அத்தை."

"இருந்தா என்ன? நான் என்ன கையை நக்கவா போறேன்?"

"நகம் வேற பிஞ்சிருக்கு."

"நகத்தையா அமுக்கப் போறேன்? ஊசின்னதும் ஓடுற பிள்ளை மாதிரி பண்றியே. குடு இங்க."

ஆரஞ்சைப் பிடுங்கி மடியில் போட்டுவிட்டு அம்மா அவள் வலது கையைப் பிடித்தாள். கண்ணாடியில் ரூயின் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறேன். அமுக்கினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் தேடித் தேடிப் படித்திருந்தேன். மூளை ஒத்துக்கொண்டது. இரண்டைப் பறிகொடுத்தவனின் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க அமுக்காதேம்மா!"

கத்தியே விட்டேன். அடுத்த காரில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. கல்யாணமான பெண்ணின் கையில் அங்கே அமுக்காதே என்று புருஷன் கத்தினால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ரூயின் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா எப்போது கைதட்டுவாள், எப்போது போனை எடுத்துத் தன் தங்கச்சிகளைக் கூப்பிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

"அதுக்கு எதுக்குடா இப்படிக் கத்துற? காதே அடைச்சுப் போச்சு," என்றாள் அம்மா. "ரோட்டைப் பாரு. முன்னாடி இருக்கிறவன் நகர்ந்துட்டான்."

அவ்வளவுதான். அவள் விரல் மெதுவாக ரூயினின் மணிக்கட்டுக்கு இறங்கியது. உட்பக்கம், இரண்டு நரம்புகளுக்கு நடுவில். குமட்டலுக்கு அமுக்குகிற இடம் அது, யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதது. வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பேசாமல் வருவது எனக்கு அவள் பேசுவதைவிடப் பயமாக இருந்தது.

மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதும், "எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. நீ மட்டும் போய்ட்டு வா. ரூயின் எனக்குத் துணைக்கு இருக்கட்டும்," என்றாள்.

முந்தின நாள் சாயங்காலம்கூடப் பூங்காவில் விசிறி நடனம் ஆடிய முழங்கால் அது. அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம்கூட அவள் இந்த மலை ஏறாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடுகூட ஏறியிருக்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போடா, மழை வர்றதுக்குள்ள," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தனியாகப் போய்ப் புல்லைப் பிடுங்கினேன். கல்லைத் துடைத்தேன். பச்சை நிற அரிசி உருண்டையை வைத்தேன், மதுவை ஊற்றினேன், அப்பா அங்கே செலவழிக்கக் காகிதப் பணம் கொளுத்தினேன். புகை கண்ணில் அடித்தது. அம்மா ஏன் வரவில்லை என்று அப்பாவுக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

கீழே வந்தபோது ரூயின் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கட்டைவிரல் இன்னும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லலையே?" என்று கிசுகிசுத்தாள்.

நான் முழித்தேன்.

"சொல்லிட்டியா? அட மடையா! அந்த மனுஷன் வாயில எது தங்கியிருக்கு? இந்நேரம் மலை முழுக்கத் தெரிஞ்சிருக்கும். என்னை மாதிரியேதான் அவரும்." அவள் குரல் உடைந்தது. ரூயின் விழித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் இந்தத் தடவை வாயே திறக்க மாட்டேன்டா. அவருக்கு யார் சொல்றது? போ. திரும்பப் போய்ச் சொல்லிட்டு வா."

தூறல் ஆரம்பித்திருந்தது. மறுபேச்சுப் பேசாமல் திரும்ப ஏறினேன்.

"அப்பா, நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கொஞ்ச நாளைக்குத்தான். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்," என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கல்லறையில் இருக்கிற பாங், ஒரு காலத்தில் அப்பாவோடு சீட்டாடியவர். அவர் காதிலும் விழுந்திருக்குமோ என்று, அந்தப் பக்கம் திரும்பி அவருக்கும் மூன்று முறை குனிந்து கும்பிட்டேன்.