யாரும் பட்டனை அமுக்காதீங்க!

1

இந்தக் கதை மலை மேலிருக்கும் சோளக்காட்டுச் சந்தையில், ஒரு மிளகு மூட்டையின் மேல் கிடைத்தது. மூட்டை மேல் ஒரு வாக்கி டாக்கி. மஞ்சள் நிறம், சட்டைப் பையில் அடங்குகிற உயரம். பக்கத்தில் வெற்றிலை மென்றபடி பாப்பாயி என்கிற அம்மாள். மிளகு பறிக்கப் போகிறவர்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எங்க குழலி ஊட்டுக்காரரு மரத்துல தொங்குனாருல்ல, அன்னிக்கு அவரு பேசுன பொட்டிங்க."

தொடர்கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விட்டார். மலை இறங்கும் பஸ் ஹாரன் அடித்தது. நான் ஏறவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அமாவாசை இருட்டு. கொண்டை ஊசி வளைவில் கேட்பாரற்றுக் கிடந்த வாக்கி டாக்கி தானாகக் கரகரத்தது. "உன்னைத்தான் பார்த்துக்கொண்டு

(நிறுத்திவிட்டேன். நடந்தது காலையில். பனிமூட்டம் மட்டும் நிஜம்.)

இரண்டாவது முயற்சி:

பூங்குழலி தன் கையடக்க இருவழி வானொலிக் கருவியை

(மலையில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? அதன் பெயர் பொட்டி.)

மூன்றாவது. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

பூங்குழலிக்குத் தன் காட்டில் திருட்டுத்தனமாக எதுவும் நடக்கக் கூடாது. மின்சாரமோ, மிளகோ, காற்றில் போகிற பேச்சோ, எதுவாக இருந்தாலும் சரி.

3

திருப்புலி நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு பள்ளத்துச் சரிவு முழுக்க அவள் குடும்பத்து மிளகுக் கொடி. நெட்டையான சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி உச்சி வரை ஏறியிருக்கும். பறிக்கிறவர்கள் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து போவார்கள். பனி இறங்கினால் அடுத்த வரிசை தெரியாது. போனில் ஒரு கோடுகூட சிக்னல் வராது. அதனால்தான் பொட்டி வாங்க நினைத்தாள்.

மலையடிவாரம் காரவள்ளியில் இருக்கும் அவள் அண்ணன் தேவராஜ், எங்கிருந்தோ ஒரு பெரிய பொட்டியோடு வந்தான். அதன் ஏரியலே ஒரு முழம்.

"அஞ்சு வாட்டு. அடிவாரத்துல இருந்து பேசுனாலும் கேக்கும்."

"லைசென்ஸ் இருக்குதாண்ணா?"

"காத்துல பேசறதுக்கு எதுக்கும்மா லைசென்ஸு? மூச்சு விடறதுக்கும் கேப்பியாட்ட இருக்குது."

"போலீசும் ஆம்புலன்சும் அதே காத்துலதான் பேசறாங்க. நீ மிளகு வெல பேசற நேரத்துல அவங்க ஆள் தேடிட்டு இருப்பாங்க. எடுத்துட்டுப் போ."

(விவரம் கேட்கிற வாசகருக்கு: 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அரை வாட்டுக்குள் ஓடும், முறையான சான்று பெற்ற சின்னப் பொட்டிக்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டியதில்லை. பெரிதுக்கு வேண்டும். பூங்குழலி இதை விசாரித்துவிட்டுத்தான் வாங்கினாள். நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

சின்னப் பொட்டி, ஆளுக்கு ஒன்று. பறிக்கிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள்: வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்கணும். பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டுப் பேசணும். ஏரியலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கண்ணுக்கு நேரே நீட்டக் கூடாது. பேசி முடித்ததும் "ஆச்சுங்க" சொல்லிக் கையை எடுக்கணும். ஒருத்தர் பேசும்போது மற்றவர் அமுக்கினால் இரண்டு பேர் பேச்சும் நாசம்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

4

தலையாட்டியதை நம்பியதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

அந்தப் பள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்ச் சரிவிலிருந்து ஒருவர் கூவினால், காதில் விழுந்த அத்தனை பேரும் "ஓய்" என்று பதில் குரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டால் சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார்கள்: "ஏனுங்க, நான் கத்துனது நாய் கத்துனாப்புல இருந்துதுங்களா?"

இப்போது அந்தக் காலைக்குப் போகிறேன்.

பூங்குழலி களத்துப் பாறையில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பொட்டி. பனி கண்ணை மறைத்தது. திடீரென்று அவள் புருஷன் மணிவண்ணனின் குரல்.

"குழலி... ஏணி வழுக்கி... மரத்தக் கட்டிப் புடிச்சுட்டு..."

அவ்வளவுதான். உடனே "ஓய்! ஓய்ய்! என்னாச்சுங்க? ஓய்!" என்று ஆளாளுக்கு அமுக்கினார்கள். பொட்டி பன்றி கத்துவது போலக் கத்தியது.

எந்த மரம்? சரிவில் நூற்றுக்கணக்கான மரம். மணிவண்ணன் தொங்கியது ஓடையோரம். வாய்விட்டுக் கத்தினால் தண்ணீர் இரைச்சல் விழுங்கிவிடும். பொட்டிதான் வழி. ஆனால் பட்டனை அமுக்க ஒவ்வொரு முறையும் மரத்திலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். கீழே பாறை.

மறுபடி அவன் குரல். "ஓடை..."

"ஓய்! எந்த ஓடைங்க?" கரகர, கீச்.

இரண்டாவது தடவையும் அவன் கையை எடுத்தது வீணாயிற்று.

5

(இங்கே எனக்கு இரண்டு ஆசை வந்தது, மறைக்கவில்லை.

முதல் ஆசை: கை நழுவுகிறது. வார இதழில் இந்த இடத்தில் ஒரு படம் போடுவார்கள், தலைகீழாக ஒரு மனிதன். எழுதியும் பார்த்தேன்: "அவன் விரல்கள் ஒவ்வொன்றாக". பூங்குழலி அதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனாருங்க அவரு?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன்.

இரண்டாவது ஆசை: தேவராஜின் பெரிய பொட்டி கையில் இருந்திருந்தால்? அஞ்சு வாட்டில் ஒரு அதட்டுப் போட்டால் எல்லோரையும் அமுக்கிவிடலாமே? அமுக்கலாம். மேலே தொங்குகிறவனையும் சேர்த்து அமுக்கலாம். இங்கே தேவைப்பட்டது சத்தமில்லை.)

6

பூங்குழலி பொட்டியை அமுக்கவில்லை. பாறை உச்சிக்கு ஓடினாள். இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"ஓய்ய்ய்! யாரும் பட்டன அமுக்காதீங்க! வாயில பதில் குடுங்க! அவரு மட்டும் பேசட்டும்!"

பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது. மேல் வரிசையில் பறித்துக்கொண்டிருந்த செங்கோட்டையனின் கனத்த "ஓய்". பள்ளத்திலிருந்து பாப்பாயியின் கீச்சு "ஓய்". அடுத்தடுத்து மற்றவர்கள். வாயெல்லாம் வேலை செய்ததில் விரலெல்லாம் சும்மா இருந்தன.

அப்புறம் அவள் பொட்டியை எடுத்தாள். அமுக்கினாள். ஒரு மூச்சு விட்டாள்.

"இப்பச் சொல்லுங்க மாமா. எந்த மரம்? எல்லாரும் கம்முனு இருக்காங்க. ஆச்சுங்க."

கையை எடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

(இந்த இடத்தில்தான் வழக்கமாக ஒரு வாரம் காக்க வைப்பேன். இந்தத் தடவை மனசு வரவில்லை.)

"ஓடைக்கு மேல... பெரிய பலாவுக்குக் கெழக்கால... மூணாவது மரம். ஆச்சு."

"அட, நான் பலாவுலதான் ஏணி சாத்தி வெச்சிருக்கறேன்!" என்று செங்கோட்டையன் வாயாலேயே கத்திக்கொண்டு ஓடினார். தோளில் அந்த மூங்கில் ஏணி.

பொட்டி மறுபடி உயிர் பெற்றது. மூச்சு வாங்கியபடி மணிவண்ணன்:

"குழலி, ஏணி வந்துருச்சு. கால் வெச்சுட்டேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு. மேல தொங்கும்போது நெனச்சேன்..."

நிறுத்தினான். அவள் சட்டென்று அமுக்கினாள்.

"எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. கீழ வந்து சொல்லுங்க. ஆச்சுங்க."

"கேட்டா என்ன சாமி, சொல்லட்டுமே!" இது பாப்பாயி. பட்டனை அமுக்கித்தான் சொன்னார்.

சரிவெங்கும் சிரிப்பு. பூங்குழலியும் சிரித்தாள். பரப்பிய மிளகை அப்படியே விட்டாள். ஓடையைப் பார்த்து இறங்கி ஓடினாள்.

7

மணிவண்ணன் நெஞ்சு முழுக்கச் சிராய்ப்போடு தரையில் நின்றான். மரத்திலிருந்து பிய்ந்து வந்த மிளகுக் கொடி இன்னும் சட்டைப் பொத்தானில் மாட்டியிருந்தது. அவள் வந்ததும் குனிந்து, காதோரம் ஏதோ சொன்னான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு, ஊரே பார்க்க, அவன் கையை விடாமல் களம் வரைக்கும் கூட்டிப் போனாள்.

என்ன சொன்னான்? செங்கோட்டையன் ஏணியைப் பிடித்துக்கொண்டு அருகில்தான் நின்றார். "தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்கிறார். மணிவண்ணன் வெட்கப்பட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டான். பூங்குழலியிடம் கேட்டேன்.

"ஏனுங்க, எல்லாரும் கேக்கற பொட்டியிலயே சொல்ல வேண்டாம்னேன். பத்திரிகையிலயா சொல்லுவேன்?"

நானாக எழுதிப் பார்த்தேன். "இனிமேல் உன் பேச்சை மீற மாட்டேன்." முதுகில் அடி வாங்குகிற வசனமில்லை. "நான் செத்திருந்தால் நீ" — இதை அவள் முடிக்க விட்டிருக்க மாட்டாள். "இந்த வருசம் மிளகு நல்லா" — இதற்கு அடி விழும்; ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாளா?

எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்கு உங்கள் வீட்டிலிருந்து தெரிந்திருக்கலாம். ஓடைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன், இடம் விட்டிருக்கிறேன். நிரப்புங்கள்; என்னிடம் சொல்ல வேண்டாம்.

மணிவண்ணன் குனிந்து, அவள் காதில் சொன்னான்: "